யுடிலிட்டி குளியலறை ஆதல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

சென்னை அடுக்ககங்களில் சமையலறைக்குப் பின்னால், மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் கம்பிக் கிராதியுமாக ஒரு நிலப்பகுதி உண்டு. வரைபடத்தில் சர்வீஸ் ஏரியா, வழக்கில் யுடிலிட்டி. வாஷிங் மெஷின், துடைப்பம், வெங்காயக் கூடை, காலி சிலிண்டர் ஆகியவை அதன் தொல்குடிகள். இவற்றை வெளியேற்றி அங்கே ஷவர் நிறுவும் வழக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

"குழாய் இருக்கு, தண்ணி போக வழி இருக்கு, பெரிய வேலையே இல்லை" என்பர் குடும்பத் தலைவர்கள். அற்றன்று. என்னை? பல வாஷிங் மெஷின்கள் அழுக்கு நீரைப் பம்பால் தள்ளி வெளியேற்றும் இயல்பின. குளிப்பவனிடம் பம்ப் இல்லை. தரையின் வாட்டம் ஒன்றே துணை. 80க்கு 1 என்ற கணக்கில், 120 செ.மீ. தரை ஒன்றரை செ.மீ. இறங்க வேண்டும். கொத்தனார் அதைக் கண்ணாலேயே அளந்துவிடுவார். ரசமட்டம் பையில் ஓய்வெடுக்கும். பிறகு நீர், தரை வடிகாலான நஹானி டிராப்பைப் புறக்கணித்துச் சமையலறை நோக்கி நடக்கையில், "தொடச்சி விட்டுக்கலாம் சார்" என்று தம் கொள்கையை நிறுவுவார். வாட்டர் ப்ரூஃபிங்கிலும் இதே கொள்கை தொடர்ந்தால், மறுப்புரை கீழ்வீட்டுக் கூரையில் ஈரக்கறையாக வெளியாகும்.

நீரழுத்தம் பற்றிச் சிறிது. 10 மீட்டர் உயர நீருக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம். மேல்மாடியில் தொட்டி தலைக்கு மேல் இரண்டு மூன்று மீட்டரில்தான். அங்கே ரெயின் ஷவர் பெய்யாது, தூறும். அடைமழை தரைத்தளத்தாருக்கே.

மெஷினுக்கு வைத்த 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டை அகற்றிவிட வேண்டும். இதில் மட்டும் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை.

இனி, சமூகவியல். இவ்வறைக்குச் சமையலறை வழியே அன்றிப் பாதை இல்லை. குளித்தவர் ஈரத் தலையோடு, மாமியார் கடுகு தாளிக்கும் புகையைக் கடந்தே வீட்டுக்குள் மீள வேண்டும். விருந்தினர் எனில் அந்த நடையில் "காபி குடிச்சிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்று நிறுத்தவும் படுவார். அஃதேல், துண்டை மறந்து சென்றவன் என் செய்வான் எனின், குரல் கொடுப்பான். மிக்சி ஓடிக்கொண்டிருக்கும். கிராதிப் பக்கமும் காப்பில்லை. எதிர்வீட்டு யுடிலிட்டியில் ஒரு மாமி எந்நேரமும் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார். மங்கல் கண்ணாடி போடும்வரை பக்கெட்டும் குனிவுமே கதி.

வெளியேற்றப்பட்ட மெஷினின் கதி இதுவரை ஆராயப்படாத துறை. பால்கனி வடிகால் மழைநீருக்கானது. சோப்புத் தண்ணீர் விட்டால் அசோசியேஷன் கூட்டத்தில் பேர் வாசிக்கப்படும். ஹாலில் வைக்க இல்லத்தரசி இசையார். எனவே அது பழைய குளியலறைக்குள் புகுந்து, குளிப்பவர் நிற்கும் இடத்தில் நிலைகொள்கிறது. இப்போது வீட்டில் குளியலறை இரண்டு. ஒரு நேரத்தில் குளிக்கக் கூடியவர் ஒருவர்.