ஹூஸ்டன் வெற்றியாளர்களுக்கு ஒரு பாராட்டு மடல்

ஹூஸ்டன் மாநகரின் சம உரிமைச் சட்டத்தை வாக்குச்சீட்டால் வீழ்த்திய பெரியோர்களே, உங்களைப் பாராட்ட வேண்டிய அளவுக்கு யாரும் பாராட்டவில்லை. 2015 நவம்பர் 3 அன்று 61 சதவீத வாக்கு உங்களுக்கு விழுந்தது. அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு சாதாரணமானதல்ல.

முதலில் உங்கள் சொற்சிக்கனம். 2014 மே 28 அன்று நகர மன்றம் 11க்கு 6 என்ற கணக்கில் நிறைவேற்றிய அந்தச் சட்டம் நீளமான பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. இனம், நிறம், இனக்குழு, பிறந்த நாடு, பால், வயது, மதம், மாற்றுத்திறன், கர்ப்பம், குடும்ப நிலை, மண நிலை, படைச்சேவை, மரபணுத் தகவல், பாலீர்ப்பு, பாலின அடையாளம் என 15. வேலையிலோ வாடகை வீட்டிலோ கடையிலோ உணவகத்திலோ இவற்றைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது. மீறினால் அபராதம், அதிகபட்சம் 5,000 டாலர். மத நிறுவனங்களுக்கு விலக்கும் இருந்தது. இத்தனையையும் நீங்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டீர்கள்: கழிப்பறை. பெண்கள் கழிப்பறையில் ஆண்கள் வேண்டாம் என்று சட்டைகளிலும் பலகைகளிலும் அச்சிட்டீர்கள். தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு சிறுமி கழிப்பறைக்குள் போனாள், ஒருவன் அவளைத் தொடர்ந்து உள்ளே போனான். அதைப் பார்த்தவர்களுக்கு மற்ற 14 அடையாளங்களும் மறந்தே போயின.

உங்கள் பார்வையின் கூர்மையும் பெரிது. கழிப்பறையைக் குறிப்பிட்ட பத்தியைச் சட்டம் நிறைவேறுவதற்கு முன்பே நகராட்சி நீக்கிவிட்டிருந்தது. நீக்கிய பத்தியையும் விடாமல் படித்தவர்கள் நீங்கள். பெண்ணைத் தொந்தரவு செய்வதும் தாக்குவதும் அதற்கு முன்பும் குற்றம், பின்பும் குற்றம். இந்தச் சட்டம் அதில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. பூட்டியிருந்த கதவுக்கு இன்னொரு பூட்டு வாங்க ஊரையே திரட்டினீர்கள். அத்தனை காலமும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வந்து போய்க்கொண்டிருந்த திருநங்கைகளை, விளம்பரத்தில் வந்த அந்த ஒருவனாகவே ஊர் பார்க்கும்படி செய்தீர்கள். அவர்கள் எண்ணிக்கையில் எவ்வளவு குறைவானவர்கள் என்று பார்த்தால், இதற்கு நீங்கள் செலவிட்ட பணமும் நேரமும் வியக்க வைக்கின்றன.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2014இல் நகராட்சி வழக்கறிஞர்கள் இந்தச் சட்டத்தை எதிர்த்த போதகர்களின் பிரசங்கங்களைக் கேட்டு அழைப்பாணை அனுப்பியது தவறு. நீங்கள் கொதித்தீர்கள், அவர்கள் திரும்பப் பெற்றார்கள். வழிபாட்டு மேடையில் பேசியதை அரசு கேட்டு வாங்கக் கூடாது என்பதில் நானும் உங்களோடு நிற்கிறேன்.

இனி உங்கள் வாக்காளர்களின் தியாகம். அன்று எதிர்த்து வாக்களித்தவர்களில் முதியவர்கள் இருந்தார்கள். பட்டியலில் வயது இருந்தது. படையில் பணியாற்றியவர்கள் இருந்தார்கள், படைச்சேவையும் இருந்தது. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர்கள் இருந்தார்கள், மதமும் இருந்தது. பெண்களைக் காக்கிறோம் என்று சொல்லி, பெண் என்பதற்காகவும் கர்ப்பிணி என்பதற்காகவும் ஒருத்தியை ஒதுக்கக் கூடாது என்ற வரிகளையும் சேர்த்தே நீக்கினீர்கள். ஹூஸ்டனில் வாழும் நம் தமிழர்களும் நிறம், பிறந்த நாடு என்ற சொற்களுக்குள் இருந்தார்கள். இவற்றில் பலவற்றுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் காப்பு உண்டுதான். ஆனால் அதைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டும். இது சொந்த ஊர் நகராட்சியிலேயே முறையிடக் கிடைத்த வழி. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காகத் தன் பங்கையும் தானம் செய்த ஊரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

உங்கள் விடாமுயற்சியைச் சொல்லாமல் விட்டால் பாவம். நகராட்சி வேலையில் பாலீர்ப்பைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்று 1984இல் நகர மன்றம் சொன்னது. 1985 ஜனவரியில் வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் அதைத் தூக்கி எறிந்தார்கள். 2001இல் நகராட்சி ஊழியரின் வாழ்விணையருக்கு மருத்துவக் காப்பீடு போன்ற சலுகை தரக் கூடாது என்று நகர சாசனத்திலேயே எழுதிவைத்தீர்கள். அந்த ஆண்டு டெக்சாஸில் இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ மணம் செய்துகொள்ள வழியில்லை. அவர்களுடைய உறவே குற்றமாக இருந்தது. ஹூஸ்டன் வட்டாரத்தில் நடந்த ஒரு கைது உச்ச நீதிமன்றம் வரை போய், 2003இல்தான் அந்தக் குற்றச் சட்டம் விழுந்தது. மணத்துக்கும் இடமில்லை, மணமில்லாமல் சேர்ந்து வாழ்வதற்கும் சலுகையில்லை. ஒருவர் நோயில் விழுந்தால் மற்றவரின் காப்பீடு கைகொடுக்காது. இரண்டு வழியையும் அடைத்த பிறகும் நீங்கள் ஓயவில்லை. நாடு முழுவதும் ஒரே பாலினத்தவர் மணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2015 ஜூன் 26 அன்று. நான்கே மாதத்தில், மோதிரம் மாற்றிக்கொண்டு வந்த அவர்களுக்கு வீடு தர மறுக்கலாமா என்ற கேள்விக்கு மறுக்கலாம் என்ற பதிலோடு நின்றீர்கள்.

2015இல் இந்தச் சட்டத்தை நீங்கள் வீழ்த்தியபோது மேயர் நாற்காலியில் இருந்தவர் ஆனிஸ் பார்க்கர், தன் பாலீர்ப்பை மறைக்காமல் மூன்று முறை தேர்தலில் வென்றவர். ஊரை ஆள அவரை நம்பினீர்கள். ஊரில் குடியிருக்க அவரைப் போன்றவர்களுக்கு உறுதி தரத்தான் தயங்கினீர்கள்.

கடைசியாக உங்கள் பெருந்தன்மை. காரில் நான்கு மணி நேரத் தொலைவில் உள்ள டல்லாஸில் 2002இலிருந்தே இத்தகைய சட்டம் இருந்தது. ஆஸ்டினிலும் இருந்தது. அங்கே 13 ஆண்டுகளில் எத்தனை சிறுமிகளுக்கு அந்த விளம்பரத்தில் வந்தது நேர்ந்தது என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம். அண்டை ஊர்க்காரர்களை அப்படித் தொந்தரவு செய்ய உங்களுக்கு மனம் வரவில்லை.