அம்மாவைக் கொண்டுசேர்த்ததற்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் வசதி படைத்த விமான நிறுவனம்.

பொருள்: என் அம்மாவை முழுசாகவும், அவருடைய வீல்சேரைப் பகுதி பகுதியாகவும் சென்னையிலிருந்து சிங்கப்பூர் சேர்ப்பித்தமைக்கு நன்றி.

ஐயா,

வீல்சேர் உதவி தேவை என்று 48 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் நான்கு நாள் முன்னதாகவே சொன்னேன். ஆர்வக்கோளாறு, மன்னிக்கவும்.

உங்கள் தொழிலில் இதற்கு மூன்று குறியீடுகள் உண்டாம். படி ஏறுவார், தூரம் நடக்கமாட்டார் என்பவருக்கு ஒன்று. படியும் ஏற மாட்டார் என்பவருக்கு ஒன்று. இருக்கை வரைக்கும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பவருக்கு மூன்றாவது. அம்மா டிக்கெட்டில் மூன்றாவதுதான் இருந்தது. அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கவுன்டரில் ஒருவர், பாதுகாப்புச் சோதனையில் ஒருவர், கேட்டில் ஒருவர், கடைசியாக ஏணியடியில் ஒருவர் என நான்கு பேர் என்னிடம் விசாரித்தார்கள்: "நாலு படிதான் சார், அம்மா மெதுவா ஏறிடுவாங்கல்ல?"

நாலாவது தடவை அம்மாவே பதில் சொன்னார். "ஏறுவேனே தம்பி. ஆனா 2009 வரைக்கும்தான்."

தம்பி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அம்மா என்ன சொல்றாங்க சார்?" என்றார். அம்மாவும் நானும் பேசியது ஒரே தமிழ்தான்.

ஆம்புலிஃப்ட் வேறொரு விமானத்துக்குப் போயிருந்ததால், இரண்டு பேர் அம்மாவை ஒடுக்கமான நாற்காலியில் பெல்ட் போட்டுத் தூக்கினார்கள். நல்ல பிள்ளைகள். மூச்சு வாங்க, "பாத்து, பாத்து" என்றபடியே ஏறினார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்று அந்த விமானத்தில் வேலை செய்த ஒரே லிஃப்ட் அவர்கள்தான்.

சிங்கப்பூரில் வீல்சேர் லக்கேஜ் பெல்ட்டில் வந்தது. பழைய சுங்குடிப் புடவையில் அம்மா தைத்த மெத்தை ஒரு சுற்று முன்னதாக. இடது கால்மிதி வளைந்து, தனியாக, இரண்டு சூட்கேஸ்களுக்கு நடுவில். 'உடையும் பொருள்' ஸ்டிக்கர் மட்டும் சேதாரமில்லாமல் இருந்தது.

புகார் எழுதும்முன் 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையைப் புரட்டினேன். சர்வதேசப் பயணத்தில் வீல்சேரும் பயணப் பெட்டிக் கணக்கில்தான் வருகிறது. என் ஊறுகாய் ஜாடி உடைந்தாலும் அம்மாவின் கால் உடைந்தாலும் ஒரே பேரேடு, ஒரே உச்சவரம்பு. சமத்துவம் என்றால் இதுவல்லவா!

திரும்பும் பயணத்துக்கு அம்மாவே ஒரு யோசனை சொல்கிறார். வீல்சேரை ஜன்னலோர இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுவிடுங்கள். அவரைச் சரக்கில் ஏற்றிவிடுங்கள். பெட்டியிடம் யாரும் நடப்பாயா என்று கேட்பதில்லையாம்.

இப்படிக்கு,
அம்மாவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் உங்கள் ஊழியர்கள் யாரிடம் கேட்டார்களோ, அந்த நபர்.

இணைப்பு: கால்மிதி (இடது) – 1. நகல் அல்ல, அசல். நிமிர்த்தித் திருப்பி அனுப்பவும்.