மோசமில்லை!

கிளாஸ்கோவில் காதை மட்டும் நம்பி யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. முகத்தையும் பார்க்க வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம்.

சாரல் பக்கவாட்டில் அடிக்கிறது, குடை பின்பக்கமாக மடங்கிக்கொள்கிறது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பெரியவர், "அருமையான நாள்!" என்கிறார். சிரிப்பில்லை, கண்சிமிட்டல் இல்லை. பதிலுக்கு, "ஆமாம், இப்படியே இருந்தால் தேவலை" என்று அதே முகத்தோடு சொன்னால் ஊர்க்காரர்களில் ஒருவராக ஏற்றுக்கொள்வார். "மழை பெய்கிறதே?" என்று கேட்டால் கதை முடிந்தது.

பாராட்டு அங்கே ரேஷனில்தான் கிடைக்கும். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு தீபாவளிக்கு மைசூர்பாகு கொடுத்தேன். முதல் துண்டை வாயில் போட்டார். ஜன்னலைப் பார்த்தார். இரண்டாவதை எடுத்தார். தட்டு காலியானதும், "நோ பேட்" என்றார். மோசமில்லை! ஸ்காட்லாந்தில் அது பாரத ரத்னாவுக்கு ஒரு படி கீழே. யாராவது வாயாரப் புகழ்ந்தால்தான் உஷாராக வேண்டும்.

எதிர்மறை இரண்டு சேர்ந்தால் நேர்மறை என்று இலக்கண வாத்தியார் சொல்வார். கிளாஸ்கோவில் நேர்மறை இரண்டு சேர்ந்தால் எதிர்மறை. 'ஐ' என்றால் ஆமாம், 'ரைட்' என்றால் சரி. இரண்டையும் சேர்த்து 'ஐ, ரைட்' என்று இழுத்தால், 'போடா, இதை வேற யார்கிட்டயாவது சொல்லு' என்று பொருள். கிளாஸ்கோவின் புத்தகத் திருவிழாவுக்கே இந்தப் பெயரைத்தான் வைத்தார்கள், 'ரைட்'டுக்கு 'எழுது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போட்டு. நம் ஊரில் ஒரு இலக்கிய விழாவுக்கு 'எழுதிக் கிழிச்சீங்க' என்று பேர் வைத்தால் எந்த எழுத்தாளர் மேடையேறுவார்? அங்கே ஏறுகிறார்கள்.

யாராவது முன்னுக்கு வந்துவிட்டால் அடக்கி வைக்க அங்கே ஒரு வாசகம் தயாராக இருக்கிறது: "அவனா? அவங்க அப்பனை எனக்குத் தெரியுமே!" அப்பனைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தை வராது. தேவையும் இல்லை. நம் கிராமத்துத் திண்ணையிலும் அட்சரம் பிசகாமல் இதே வசனம்தான்.

வாயைத் திறக்காமலும் நக்கல் அடிப்பார்கள். கிளாஸ்கோ நவீன கலைக்கூட வாசலில் குதிரை மேல் வெலிங்டன் பிரபு உட்கார்ந்திருக்கிறார். வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். அதற்கும் முன்னால், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்து வந்த படையில் இருந்தவர். அவர் தலையில் பல வருஷங்களாக ஒரு போக்குவரத்துக் கூம்பு. எடுக்க எடுக்க ராவோடு ராவாக யாராவது ஏறி வைத்துவிடுகிறார்கள். 2013இல் பீடத்தை உயர்த்திவிடலாம் என்று மாநகராட்சி யோசித்தது. ஊரே கொதித்ததும் திட்டத்தைக் கைவிட்டது. கூம்பு ஜெயித்தது. திப்பு இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

இத்தனை இருந்தும் முதல் பரிசை நான் எடின்பரோவுக்குத்தான் கொடுப்பேன். மாலையில் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். கதவைத் திறந்தவர் முகமெல்லாம் மலர, "வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் வந்திருப்பீங்க!" என்கிறார். அங்கே 'டீ' என்பது ராச்சாப்பாடு. "டீ முடிச்சிருப்பீங்களே" என்பதுதான் அந்த வாசகம். அது கேள்வி இல்லை, தீர்ப்பு. உபசாரம் குறைந்தது என்று யாரும் குறை சொல்ல முடியாது. அடுப்பும் பற்றவைக்க வேண்டியதில்லை. பிபிசி வானொலியில் ஒரு நகைச்சுவைத் தொடருக்கே இதைத் தலைப்பாக வைத்தார்கள்.

எடின்பரோக்காரர்களைக் கேட்டால், இதெல்லாம் கிளாஸ்கோக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்பார்கள். இருக்கலாம். நீங்கள் எதற்கும் சாப்பிட்டுவிட்டே போங்கள்.