காப்பியோடு ஒரு பூச்சாண்டி

அமெரிக்காவில் ஒரு நல்ல திட்டத்தைக் குழிதோண்டிப் புதைக்க 'சோஷலிசம்' என்று பட்டம் கட்டினால் போதும். வயிற்றுவலிக்காரன் காசில்லாமல் டாக்டரைப் பார்க்கட்டும் என்றால் சோஷலிசம். பிள்ளை பெற்றவள் சம்பளத்தோடு நாலு வாரம் படுத்திருக்கட்டும் என்றால் சோஷலிசம். 2008இல் சூதாடித் தோற்ற வங்கிகளைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலர் ஒதுக்கினார்களே, அதற்கு மட்டும் பெயர் பொருளாதார மீட்பு!

ஐரோப்பாவில் இந்தப் பூச்சாண்டி எடுபடாது. தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீட்டை 1883இல் ஜெர்மனியில் கொண்டுவந்தவர் சான்சலர் பிஸ்மார்க். அதற்கு ஐந்து வருஷம் முன்புதான் சோஷலிஸ்ட்களின் சங்கங்களையும் கூட்டங்களையும் சட்டம் போட்டு நசுக்கியிருந்தார். பிரிட்டனில் வலதுசாரிகளின் குலதெய்வமான தாட்சரே, 1982 கட்சி மாநாட்டில், அரசு மருத்துவ சேவைக்கு எங்களால் ஆபத்தில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. வரியைக் குறை, முதலாளியை விடு என்று முழங்குபவர் ஜெர்மனியில் லிபரல். அமெரிக்காவில் லிபரல் என்றால் இடதுசாரிப் பக்கம்; அங்கே அதே கொள்கைக்காரரைக் காதுபட அப்படிக் கூப்பிட்டால் அடிக்க வருவார்.

அமெரிக்காவில் பூச்சாண்டி தானாக முளைத்ததல்ல, காசு கொடுத்து வளர்த்தது. 1961இல் முதியோருக்கு அரசு காப்பீடு தரும் யோசனை வந்தபோது, அந்நாட்டு மருத்துவர் சங்கம் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. பாட்டு இல்லை, ரொனால்ட் ரேகன் என்ற சினிமா நடிகரின் பிரசங்கம். டாக்டர்களின் மனைவிமார் அண்டை வீட்டுப் பெண்களை அழைத்து, காப்பி கொடுத்து, தட்டைச் சுழலவிட்டார்கள். கிழவிக்கு ஆஸ்பத்திரிச் செலவை அரசு கொடுத்தால் அமெரிக்காவின் சுதந்திரமே பறிபோகும் என்று நடிகர் உருகினார். கேட்டு முடித்ததும் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுத வேண்டும். ஏழைக் கிழவியின் மருந்துச் சீட்டைக் கிழிக்க எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு!

1965இல் அந்த முதியோர் காப்பீடு மெடிகேர் என்ற பெயரில் வந்தேவிட்டது. சுதந்திரம் எங்கும் ஓடிப்போகவில்லை. 1988இல் அதே மெடிகேரை விரிவாக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ஜனாதிபதி ரேகன். வெட்கப்பட்டதாகத் தகவல் இல்லை.

2009இல் ஒபாமாவின் காப்பீட்டுத் திட்டத்துக்கு எதிராக மறுபடியும் அதே தட்டு சுழன்றது. தென் கரோலினாவில் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, என் மெடிகேரில் அரசாங்கம் கைவைக்கக் கூடாது என்று கொதித்தார். ஐயா, மெடிகேரே அரசாங்கம் தருவதுதான் என்று ரிபப்ளிகன் உறுப்பினர் பாப் இங்லிஸ் பொறுமையாக விளக்கிப் பார்த்தார். மனிதர் ஒத்துக்கொள்ளவே இல்லை.