சைக்கிள் சார்

மரக்காணத்தில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் ஏராளம். ஆனால் ‘சைக்கிள் சார்’ என்று பட்டம் வாங்கியவர் ஒருவர்தான். மற்றவர்களிடம் விற்பதற்குக் கார் இருந்ததில்லை.

இப்படி ஒரு சார் இப்போது ஊருக்கு ஒருவர் உண்டு. பணி ஓய்வு, லேசான சர்க்கரை, வெளிநாட்டில் மகன், திடீர் ஞானோதயம், கார் விற்பனை. எங்கள் ஊர் சாரும் அப்படித்தான் கிளம்பினார். கார் வாங்கிய அன்று வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கியதோடு சரி. விற்ற அன்று தெரு முழுக்கச் சேதி சொன்னார். இன்ஷூரன்ஸ் இவ்வளவு, டயர் இவ்வளவு, சர்வீஸ் இவ்வளவு என்று கேட்காதவர்களுக்கும் கணக்கு ஒப்பிப்பார். புது சைக்கிளின் விலை வரும் இடத்தில் மட்டும் இருமல் வந்துவிடும்.

அந்த சைக்கிளுக்கு 21 கியர். புதுச்சேரியில் வாங்கியது. மரக்காணமோ உப்பளத்து ஊர். உப்பளம் என்றாலே தரை தட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாத்தியில் தண்ணீர் நிற்காது. இந்த ஊரில் ஏறுவதற்கு இருக்கிற மேடு கால்வாய்ப் பாலமும் உப்பு அம்பாரமும்தான். அம்பாரத்தில் ஏறினால் மேஸ்திரி திட்டுவார். ஆகவே 21 கியரும் அந்த ஒரு பாலத்துக்காகவே உழைக்கின்றன.

காற்று விஷயத்தை அவரிடம் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. உப்பளத்து நடுவே மறைப்புக்கு ஒரு மரம் கிடையாது. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பினால் மிதிக்க மிதிக்க வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். உப்புக்காற்று செயினையும் விடாது. முதல் கோடையிலேயே ஸ்போக்ஸ் ஒவ்வொன்றும் மஞ்சள் பூசிக்கொண்டது. அவர் பாட்டில் பாட்டிலாக ஸ்பிரே வாங்கி அடித்தார். பக்கத்தில் உப்பு வாருகிறவரின் சைக்கிளோ பழைய இன்ஜின் ஆயிலில் குளித்துவிட்டு, இருபது வருஷத் துருவோடு ஓடிக்கொண்டிருந்தது.

இந்த உப்புத் தொழிலாளிகள் மீதுதான் சாருக்குத் தனிப் பாசம். விடிவதற்குள் பாத்தியில் இறங்கினால்தான் வெயில் ஏறுமுன் வேலை முடியும் என்பதால், இருட்டிலேயே சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். சாரும் தலைக்கவசம், கையுறை, நெற்றி விளக்கு சகிதம் அவர்களோடு சேர்ந்துகொள்வார்.

“நீங்கள்லாம் பூமிக்கு எவ்வளவு பெரிய நன்மை செய்றீங்க தெரியுமா?” என்று ஒருநாள் ஆரம்பித்தார்.

“பைக் வாங்கலாம்னுதான் சார் பாக்குறேன். டியூ கட்ட முடியாது. மழை புடிச்சா அளத்துல வேலை இல்ல பாருங்க.”

சார் அசரவில்லை. நெதர்லாந்துக்குப் போய்விட்டார். “1973-ல எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தப்ப, அங்க ஞாயித்துக்கிழமையில காரே ஓடக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க.”

“நம்மூர்ல அப்ப திங்கக்கிழமையும் ஓடல சார்” என்றார் பின்னால் வந்த பெரியவர்.

பஸ்ஸிலும் இதே கதைதான். இது தண்டவாளம் எட்டிப் பார்க்காத ஊர். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் போகும் கடற்கரை ரயில் பாதை பல வருஷமாகக் காகிதத்தில்தான் ஓடுகிறது. ரயில் பிடிக்க வேண்டுமானால் திண்டிவனத்துக்கு பஸ் ஏற வேண்டும். சார் சைக்கிளையும் கையோடு பஸ்ஸில் ஏற்றப் பார்த்தார். “மீன் கூடைக்கே எடமில்ல, இது வேறயா? எறக்குங்க சார்” என்று கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

டவுன் பஸ்ஸில் மீன்காரப் பெண்களிடம் புதுக்கோட்டைக் கதை சொல்வார். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் அந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டது, அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றது எல்லாம். கதை நிஜம், சொல்ல வேண்டிய கதையும்கூட. சொன்ன இடம்தான் தப்பு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. “எங்களுக்கு ஓசி. டிக்கெட் எடுக்கிற நீதான் மிதிக்கணும்ணே” என்று சிரித்தார்கள்.

கால்வாய்ப் பாலத்தில் மூச்சு வாங்க நிற்கும்போது பக்கிங்ஹாம் கால்வாயைக் காட்டிப் பெருமூச்சு விடுவார். ஆந்திரத்திலிருந்து கிளம்பி மரக்காணத்தில் வந்து முடிகிற கால்வாய் அது. உப்பும் விறகும் ஒரு காலத்தில் அதில் படகேறிச் சென்னைக்குப் போயின. “இதைவிடப் பொதுப் போக்குவரத்து உண்டா?” என்பார். இந்த ஒரு விஷயத்தில் அவரோடு சண்டை போட எனக்கு வாயில்லை.

சண்டை வேறு இடத்தில். சார் துறந்தது தன் காரைத்தான், காரை அல்ல. கல்யாணம் என்றால் சம்பந்தி வீட்டுக் கார். ஆஸ்பத்திரி என்றால் எதிர்வீட்டுக் கார். மழை என்றால் யார் காரானாலும் சரி. முன் சீட்டில் உட்கார்ந்து ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டச் சொல்லிவிட்டு, கார் வைத்திருப்பதன் தீமைகளை வண்டி ஓட்டுகிறவரிடமே விளக்குவார். பெட்ரோல் விலையைக் கேட்டு இப்போதெல்லாம் அவர்தான் அதிகமாகப் பதறுகிறார். அடுத்தவர் பணம் என்றாலும் பதைக்கிற மனசு.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் பறக்கும் பறப்பைச் சைக்கிளில் இருந்து பார்த்த பிறகுதான் மனிதர் மாறினார். தொழிலாளிகள் சைக்கிளின் பின் மட்கார்டில் எல்லாம் சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கரைத் தன் கையாலேயே ஒட்டினார். நாலு வழியாக அகலப்படுத்தும் சாலையில் சைக்கிளுக்கும் ஓரம் விடுங்கள் என்று மனு எழுதினார். கீழே கையெழுத்து, அதன் கீழே ‘முன்னாள் கார் உரிமையாளர்’.

“இது எதுக்கு சார்?” என்றேன்.

“அப்பத்தாம்பா படிப்பாங்க.”

காலமெல்லாம் மிதித்தவர்கள் சொன்னால் முனகல், காரை விற்றவர் சொன்னால் மனு. அவருக்கே இது தெரிந்திருக்கிறது என்பதால் அவருடைய மற்ற அலப்பறைகளை மன்னித்துவிடலாம்.

மரக்காணத்தில் கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். சார் பேச்சைக் கேட்டு நீங்களும் அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். ஐப்பசி பிறக்கப் போகிறது, அவரை யாராவது வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும்.