விலையைச் சொல்லுங்க மருமகனே

வாங்க மருமகனே, இப்படித் திண்ணையில உக்காருங்க. என்னடா மாமன் 'ங்க' போட்டுப் பேசுதாரேன்னு முழிக்காதீக. பன்னெண்டாயிரம் பேர் பாத்த ஆளை 'வாடா, போடா'ன்னா ஊர் என்ன பேசும்?

ஒங்க அத்தைதான் போனைக் கொண்டாந்து ஒங்க இன்ஸ்டாகிராம் படத்தைக் காட்டுனா. கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டு, கடலை மிட்டாய் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சிக்கிட்டு, மெதுவா நடந்து வாரீக. பின்னாடி சினிமாப் பாட்டு. நல்லாத்தான் இருந்துச்சு. கீழ நாலு பேர் அந்தக் கூலிங் கிளாஸ் எங்க வாங்குனீகன்னு கேட்டிருக்காக. மிட்டாயைத்தான் ஒருத்தரும் கேக்கல.

சரி, மரியாதை போதும். இப்ப வாடா பக்கத்துல. பன்னெண்டாயிரம் பேர் பாத்ததுல எத்தனை கிலோ போச்சு? தலையைச் சொரியாம சொல்லு. போகல இல்ல? போகாது. பாக்கவன் வேற, வாங்குதவன் வேற. இதைத் தெரிஞ்சுக்கிடக் காலேஜுக்குப் போக வேண்டாம், எங்கூட ஆட்டுச்சந்தைக்கு வந்திருந்தாப் போதும். நீதான் புழுக்கை நாத்தம்னு மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுன பிள்ளையாச்சே.

இந்த ஊர் மிட்டாய்க்கு 2020-லயே புவிசார் குறியீடு கொடுத்துட்டாக. கோவில்பட்டின்னு சொன்னாலே வெளியூர்க்காரனுக்கு நாக்குல எச்சி ஊறுது. அம்புட்டுப் பேரு கையில இருக்கும்போது ஒனக்கு எதுக்குடா கண்ணாடி? அதுக்காக, நாளைக்கே அந்த முத்திரையைப் பொட்டலத்துல ஒட்டிக்கிட்டு வந்து நிக்காத. நெனச்சவன் எல்லாம் ஒட்ட முடியாது. அதைப் பயன்படுத்த அங்கீகாரம் கேட்டு விண்ணப்பம் போட்டுப் பதியணும். அதுக்கு ஆபீஸ் சென்னை கிண்டியில இருக்கு.

என்ன படம் எடுக்கன்னு கேக்க. ஒங்கம்மா, அதான் எந் தங்கச்சி, அடுப்படியில தெனமும் என்ன செய்யுதான்னு என்னைக்காவது பாத்திருக்கியா? வெல்லப்பாகு கொதிக்கு. கிண்ணத்துத் தண்ணியில ஒரு சொட்டு விடுதா. ரெண்டு வெரலால உருட்டுதா. எவர்சில்வர் தட்டுல போடுதா. 'டங்'குன்னு கேக்கு. கேட்டாத்தான் பதம். ஒடனே வறுத்த கடலையைக் கொட்டிக் கிண்டி, பலகையில சாச்சு, கட்டையை உருட்டிப் பரத்தி, சூடு ஆறுறதுக்குள்ள கத்தி போட்டுருதா. அரை நிமிசப் படத்துக்கு இதுக்கு மேல என்னடா வேணும்? போனை நிமுத்திப் பிடி. முதல் காட்சியே அந்தச் சொட்டு தண்ணியில விழுறதா இருக்கட்டும். 'ஹாய் பிரண்ட்ஸ், எல்லாரும் எப்படி இருக்கீங்க'ன்னு நீ நலம் விசாரிச்சு முடிக்கதுக்குள்ள பாக்கவன் அடுத்த படத்துக்குப் போயிருவான். அவன் நல்லாத்தான் இருக்கான், நீ மிட்டாயைக் காட்டு.

பாட்டும் வேண்டாம். யாவாரக் கணக்குல சினிமாப் பாட்டைப் போட்டா உரிமைக்காரன் கேப்பான், இன்ஸ்டாகிராமும் சத்தத்தை அமுக்கிரும். ஒங்கம்மா தட்டுல போடுத 'டங்'குக்கு எவன்டா உரிமை கேக்கப் போறான்? அவ மொகம் தெரிய வேண்டாம்னு சொன்னா கையை மட்டும் எடு. கேக்காம எடுத்தேன்னா, கரண்டிக் காம்பு எந்தப் பக்கம் வரும்னு எனக்குத் தெரியாது.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வாரேன். யாரோ ஒரு அம்மா, 'தம்பி, கிலோ என்ன விலை? மதுரைக்கு அனுப்புவீங்களா?'ன்னு கேட்டிருக்காக. நீ என்ன பதில் போட்டிருக்க? 'டிஎம் பண்ணுங்க.' தனியா மெசேஜ்ல வந்து கேக்கணுமாம். அட எங்கப்பனே! எட்டயபுரம் சந்தையில சனிக்கிழமை கையில துண்டைப் போட்டு மூடி, உள்ளுக்குள்ள வெரலைப் பிடிச்சுப் பேரம் பேசுவோம். அது எதுக்கு? ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒவ்வொரு விலை, பக்கத்துல நிக்க இன்னொரு தரகனுக்குத் தெரியக் கூடாதுன்னு. ஒங்கடையில எல்லாக் கிலோவும் ஒரே கிலோதானே, மேல எதுக்குடா துண்டு? பொட்டலத்துல எம்ஆர்பி அச்சடிச்சே ஆகணும்னு சட்டம் இருக்கு. பொட்டலத்துல ஊருக்கே தெரியுத விலையைப் போன்ல ஒளிச்சு வச்சு யாருக்கு வேடிக்கை காட்டுதே? கேக்கவக, 'சொல்ல மாட்டேங்கான், அப்பக் கூடுதலாத்தான் இருக்கும்'னு நெனச்சிட்டுப் போயிருவாக. விலை இம்புட்டு, கூரியர் இம்புட்டு, எத்தனை நாள்ல வந்து சேரும், மூணையும் படத்துக்குக் கீழயே எழுது. அந்த எப்எஸ்எஸ்ஏஐ-க்காரன் கொடுத்த 14 இலக்க நம்பரும், தயாரிச்ச தேதியும் தெரியுத மாதிரி பொட்டலத்தை ஒரு படம் எடுத்துப் போடு. தின்னுத பண்டம்டா, முகம் தெரியாதவன் கையிலருந்து வாங்குதாக.

வாட்ஸப்புல யாவாரத்துக்குன்னே தனியா ஒண்ணு இருக்கு. வாட்ஸப் பிசினஸ். காசு கிடையாது. அதுல கேட்டலாக்னு ஒரு எடம், அங்க அரைக் கிலோ, ஒரு கிலோ, எள்ளு மிட்டாய் எல்லாத்தையும் படமும் விலையுமா அடுக்கி வச்சிரலாம். யார் புதுசு, யார் பணம் பாக்கின்னு லேபிள் ஒட்டவும் வழி இருக்கு. ராத்திரி நீ தூங்கும்போது எவராவது கேட்டா, 'காலையில ஒம்பது மணிக்குப் பதில் சொல்லுதோம்'னு தானாவே சொல்லும். சொல்லிட்டு, ஒம்பது மணிக்கு நீ எந்திரிக்கணும். அதுக்கு இன்னும் ஒண்ணும் கண்டுபிடிக்கல.

பிராட்காஸ்ட்னு ஒண்ணு. ஒரு பட்டியல்ல 256 பேர் வரைக்கும் சேக்கலாம். ஆனா ஒன் நம்பரைத் தன் போன்ல பதிஞ்சு வச்சிருக்கவகளுக்குத்தான் போய்ச் சேரும். நீ ஊர்க்காரன் நம்பரை எல்லாம் அள்ளிப் போட்டு, தெனம் காலையில ரோஜாப்பூவோட 'இனிய காலை வணக்கம்' அனுப்புதியே, அது எங்கயும் போகல. போகாததும் நல்லதுதான். பொட்டலத்துக்குள்ள ஒரு சீட்டு வையி: 'இந்த நம்பரைப் பதிஞ்சு வச்சா, புதுக் கடலை வந்ததும் சொல்லுதோம்.' பதிஞ்சவகளுக்கு, வாரத்துக்கு ஒரு வாட்டி சரக்கைப் பத்திச் சொல்லு. நாப்பது பேர் பதிஞ்சாலும் அந்தப் பன்னெண்டாயிரத்தை விட அந்த நாப்பதுதான் எனக்குப் பெருசு.

காசு கட்டி ஓட்டுத விளம்பரமா? ஆயிரம் ரூவா போட்டு 'பூஸ்ட்' அமுக்குனியே, எந்த ஊர்னு தேர்ந்தெடுத்த? இந்தியா முழுக்கவா! இமயமலை அடிவாரத்துல இருக்கவன் லைக்கு போட்டு, நீ பொட்டலத்தைக் கட்டுதது எப்ப? ஊரு, வயசு எல்லாம் கேட்டுத்தானே அமுக்கச் சொல்லுதான். கூரியர் சுருக்காப் போய்ச் சேருத ஊரை மட்டும் வையி. புரொபைலைப் பாக்கணுமா, மெசேஜ் வரணுமான்னும் கேப்பான். மெசேஜை அமுக்கு. காசு கொடுத்தா பாலோயர் வாங்கித் தாரேன்னு வந்தான் பாரு ஒரு பய, அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிரு, காசு கொடுக்காத.

அதை விட்டுட்டு, ரோட்டைப் பாரு. மதுரையிலருந்து திருநெல்வேலிக்குப் போற நாலு வழிச்சாலை நம்ம ஊரை ஒட்டித்தான் போகுது. கார்ல வாரவன் டீக்கடையில நின்னு போன்ல 'கடலை மிட்டாய்'னு தேடுதான். கூகுள் மேப்ல எதுத்த கடை வருது, ஒங்கடை வரல. அதுல கடையை ஏத்த ஒத்தப் பைசா கிடையாது. கடைக்கு முன்னால நின்னு போர்டு தெரிய வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுவான், அனுப்பு. ஏத்தித் தாரேன், ரூவாய் கொடுன்னு போன்ல எவனாவது பேசுனா வையி போனை. நேரத்தைச் சரியாப் போடு. 'திறந்திருக்கு'ன்னு காட்டி, வந்து பாத்தா ஷட்டர் இறங்கிக் கிடந்தா, அந்த ஆள் ஒரு ஸ்டாரைக் குத்திட்டுப் போவான். அதுக்குக் கீழ நீ போய் 'நீ யாருடா'ன்னு சண்டை கட்டாத. சண்டையைத்தான் அடுத்து வாரவன் முதல்ல படிப்பான். 'தப்பு எங்க பேர்லதான், மறுக்கா வாங்க'ன்னு ரெண்டு வரி. மிட்டாய் நமுத்துப் போச்சுன்னா வேற பொட்டலம் அனுப்பிட்டு, அனுப்புனேன்னு எழுது.

எந்திரிக்காத, இன்னொண்ணு இருக்கு. யாவாரம் போன்ல வந்தா திருடனும் போன்லதான் வருவான். 'மிலிட்டரி ஆபீசர் பேசுறேன், கேம்புக்கு அம்பது கிலோ மிட்டாய் வேணும், அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்க'ம்பான். அம்பது கிலோன்னதும் ஒனக்குக் கூலிங் கிளாஸ் இல்லாமலேயே கண்ணு மங்கிரும். பணம் வாங்குறதுக்கு நீ கியூஆரை ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் போடவும் வேண்டாம். பின் போட்டா ஒன் பணம் வெளியதான் போகும். அப்படிப் போயிருச்சுன்னா அழுதுக்கிட்டு எங்கிட்ட வராத, ஒடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் அடி.