பத்தில் ஒரு மில்லிமீட்டர்

1999இல் ஸ்ரீபெரும்புதூரில் இருந்துகொண்டு எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஒரு லாக்கிங் நட் வேண்டுமென்றால் வாங்கக் கடை கிடையாது. செய்து கொடுக்க ஆள் இருந்தார். இன்று ஒரகடத்தில் படுத்துக்கொண்டே போனில் ஆர்டர் போட்டால் ஓரிரு நாளில் அதே நட் வாசலுக்கு வருகிறது. வந்ததைக் கட்டையில் உட்கார வைக்கத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தில் ஃபிட்டராகவே தலை நரைத்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கிட்டாரின் கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில், ஆறு தந்திகளும் குறுக்கே தாண்டிப் போகிற சிறு கட்டைதான் நட். சாதாரண கிட்டாரில் எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கும். ட்ரெமோலோ ஆர்மை அமுக்கிச் சுருதியை வளைக்கிற கிட்டாருக்கு அது தாங்காது. ஆர்மை விட்டதும் தந்தி பள்ளத்தில் உரசி, பழைய இடத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடும். அமெரிக்காவில் ஃபிளாய்ட் ரோஸ் என்ற கிட்டார்காரர் 1970களின் பிற்பாதியில் இதற்கு வழி கண்டார். நகை வேலை தெரிந்தவர். தந்திகளை நட்டிலேயே இறுக்கிப் பூட்டினார். முதலில் பித்தளையில் செய்து பார்த்து, அது போதவில்லை என்று கடினப்படுத்திய எஃகுக்கு மாறினார். 1979இல் காப்புரிமை கிடைத்தது. எட்டி வான் ஹேலன் எடுத்து வாசித்த பிறகு 1980களில் உலகமெங்கும் போயிற்று. எஃகு அடித்தளத்தின் மேல் மூன்று அழுத்துக் கட்டைகள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு தந்திகள், இறுக்க மூன்று அலன் போல்ட். கருவி இவ்வளவுதான்.

ஐ.டி.ஐ. முடித்து இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேலைக்கு வந்தபோது என்னிடம் இருந்தது சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து, மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர் கை மாற்றிய பழைய கொரியா கிட்டார். வாலாஜாபாத், திருக்கழுக்குன்றம் என்று கோயில் திருவிழாக்களில் சனி ஞாயிறு வாசிப்பேன். நள்ளிரவு தாண்டியும் மற்றவர்கள் பாட்டுக்குப் பாட்டு சுருதி திருகுவார்கள். பூட்டிய தந்தி நழுவாது. அந்த கிட்டாரை நான் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் அதுதான். நடுக்கட்டையின் மரை போய், மூன்றாவது நான்காவது தந்திகள் நழுவ ஆரம்பித்ததும் மவுண்ட் ரோட்டில் விசாரித்தேன். தந்தி உண்டு, ட்யூனிங் கீ உண்டு, இது இல்லை, பம்பாய்க்குச் சொல்லிவைக்கலாம் என்றார்கள்.

செய்தே வாங்கிவிடலாம் என்று பூந்தமல்லி போய் பஸ் மாறி அம்பத்தூர் எஸ்டேட் போனேன். அங்கே ஒரு ஷெட்டில் லேத் இரண்டு, ஷேப்பிங் மெஷின் ஒன்று. நட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த டர்னர் அண்ணன், “தம்பி, அளவு அப்புறம் எடுத்துக்கலாம். இது என்ன வேலை செய்யும், அதைச் சொல்லு முதல்ல” என்றார். அடுத்த ஞாயிறு கிட்டாரையே எடுத்துப் போனேன். ஆர்மை அமுக்கி, தந்தி நழுவுவதைக் காட்டினேன். பித்தளையில் செய்தால் சுலபமாக இருக்குமே என்று கேட்டதற்கு, “தந்தி எஃகு. பித்தளையை வெட்டிரும். ஈ.என்.8ல போவோம்” என்றார். ஃபிளாய்ட் ரோஸின் பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டதில்லை. அந்த மனிதர் முதல் மாதிரியைச் செய்து பார்த்துக் கற்றதை இவர் இரும்பு அறிந்த அறிவால் முன்கூட்டியே சொன்னார்.

ஃப்ரெட்போர்டு தட்டையாக இராது, லேசாக வளைந்திருக்கும். நட்டின் தரையும் அதே வளைவில் இருக்க வேண்டும். ஒரு தகரத் துண்டை அரத்தால் ராவி, ஃப்ரெட்டுகளின் மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். எங்கே ஒளி கசிகிறதோ அதை ஒட்டி மறுபடி ராவினார். கசிவு நின்ற பிறகுதான் ஷேப்பரைத் தொட்டார். தந்திப் பள்ளங்களைக் கையாலேயே அறுத்து, மரைக்கு டேப் போட்டு, செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கினார். அந்த நட் இன்னும் என் கிட்டாரில் இருக்கிறது.

பிறகு இந்தப் பக்கம் வந்தது எத்தனை! 1998இலேயே சான்ட்ரோ ஓட ஆரம்பித்திருந்தது. 2006இல் நோக்கியா திறந்து 2014இல் மூடியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிஸான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. 2015இல் வல்லம் வடகாலில் யமஹா மோட்டார். அந்தச் சின்னத்தைக் கவனித்துப் பாருங்கள்: மூன்று இசைக்கவைகள். 1887இல் ரீட் ஆர்கனில் தொடங்கிய நிறுவனம் அது. மோட்டார் சைக்கிள் பிரிவு 1955இல்தான் தனியாகப் போனது. சுருதி பார்க்கும் கருவியைப் பெட்ரோல் டாங்கில் தாங்கி இங்கிருந்து வண்டிகள் இறங்குகின்றன. 2019இல் இசைக்கருவி செய்யும் அந்த மூல நிறுவனமும் சென்னைக்கு அருகே தொழிற்சாலை தொடங்கி, கீபோர்டும் அக்கூஸ்டிக் கிட்டாரும் செய்கிறது. டர்னர் அண்ணனிடம் இதைச் சொல்ல முடிந்திருந்தால் நேரில் பார்க்கப் புறப்பட்டிருப்பார்.

மைக்ரான் அளக்கும் இயந்திரங்கள் நிறைந்த வட்டாரம் இது. ஆனால் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் அரம் பிடித்து, இரண்டு துண்டுகளை ஒளி புகாமல் பொருத்தக் கற்ற பையன் இங்கே வந்ததும் ஒரே ஸ்டேஷனில் ஒரே போல்ட்டை டார்க் கன்னால் முடுக்குகிறான். காருக்கு அந்த ஒழுங்கு அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பொருந்தாததைப் பொருத்தும் வேலையை யாரும் அவன் கையில் தருவதில்லை என்பதுதான் என் வருத்தம். அந்தக் கை வீணாகப் போகிறது.

மாத்தூரில் என் பக்கத்து வீட்டு மாடியில் ஷில்லாங் பையன் ஒருவன் இருக்கிறான். லைனில் வேலை, லைனில் கற்ற தமிழ். இவன் வயதில் நான் வாசித்ததைவிட இவன் கிட்டார் எவ்வளவோ மேல். ஒரு நாள் படியேறி வந்து, “அண்ணா, புது நட்டு போட்டேன். தந்தி ஜர் ஜர்னு அடிக்குது” என்றான்.

வாங்கியது சரியான அளவுதான். ஆர்3, அகலம் 42.86 மில்லிமீட்டர். ஆனால் நட் உட்காரும் மரப்படியில் பழைய பசை மேடு கட்டியிருந்தது. திருகு துளைகள் அரை நூல் விலகியிருந்தன. தடித்த தந்தியின் பக்கம் நட் தாழ்ந்து, தந்தி முதல் ஃப்ரெட்டிலேயே இடித்தது. முதலில் தந்திகளைத் தளர்த்தி, ஸ்பிரிங் இழுத்துவிடாதபடி பிரிட்ஜுக்கு அடியில் மரத்துண்டு செருகினோம். பசையை உளியால் சுரண்டினோம். நட்டின் அடியில் பென்சில் கரி தடவி வைத்து எடுத்தால், மேடான இடத்தில் மட்டும் கரி ஒட்டும். அதை மட்டும் ராவ வேண்டும். இரும்பில் இதற்கு நீலம் தடவுவோம். மரத்தில் நீலம் ஊறிவிடும். கரி எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒட்டும்வரை அவனே ராவினான். நான் அரத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

பழைய துளைகளைக் கெட்டி மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்து, இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் புதிதாகத் துளைத்தோம். துளைக்கும் முன் ஓரத் தந்திகள் இரண்டும் ஃப்ரெட்போர்டின் இரு விளிம்பிலிருந்தும் ஒரே தூரத்தில் போகின்றனவா என்று பார்த்தோம். நட்டின் முகம் ஃப்ரெட்போர்டின் முனையோடு ஒட்டி நிற்க வேண்டும். 648 மில்லிமீட்டர் தந்தி நீளத்தில் நட் அரை மில்லிமீட்டர் பின்னால் போனாலே, திறந்த தந்தியைச் சரியாகச் சேர்த்த பிறகும் அழுத்தி வாசிக்கும் சுரங்கள் ஒரு செண்டுக்கு, அதாவது அரைச்சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்குக்கு, மேல் ஏறி நிற்கும். உயரம் இதைவிடப் பொல்லாதது. நட் உயர்ந்தால் தந்தியை அழுத்தும்போதே இழுபட்டு சுருதி ஏறும், தாழ்ந்தால் இரையும். மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் தந்தியைத் தட்டினால், மெல்லிய ஓர் இடைவெளி விரலுக்குத் தெரிய வேண்டும். தடித்த தந்தியின் பக்கம் அது இல்லை. ஃபீலர் கேஜில் பார்த்தால் குறைவது பத்தில் ஒரு மில்லிமீட்டர். அந்தப் பக்கத்துக்குப் பித்தளைத் தகட்டில் ஷிம் வெட்டி, நட் ஆடாதபடி விளிம்புவரை பரப்பி வைத்தான்.

கடைசியில் பூட்டுவது. நட்டுக்குப் பின்னால் தந்திகளை அமுக்கும் குறுக்குக் கம்பியை முதலில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டும்போது சுருதி எகிறும். டார்க் கன் ‘டக்’ என்றதும் நிறுத்திப் பழகியவன், “எப்போ நிறுத்தணும்ணா?” என்று கேட்டான். தந்தி நழுவாத அளவு போதும், அதற்கு மேல் போகிற பலம் மரையைத்தான் தின்னும் என்றேன். விரல் நுனியால் சாவியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். ஆர்மை முடிந்த மட்டும் அமுக்கி விட்டான். ஆறு தந்தியும் திரும்பி வந்தன.

போன வாரம் ஐஸ்வால் பையன் ஒருவன் தன் கிட்டாரை இவனிடம் கொண்டுவந்திருந்தான். கழுத்தின் அகலம் 41.3 மில்லிமீட்டர். வாங்கியிருந்ததோ ஆர்3. இரு பக்கமும் நட் துருத்திக்கொண்டு நின்றது. விளிம்பை ராவிவிட்டால் சரியாகாதா என்று என்னைப் பார்த்துக் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் ஷில்லாங் பையன் தன் ஃபீலர் கேஜைக் கீழே வைத்துவிட்டு, ராவினால் அகலம் குறையும், தந்தி இடைவெளி குறையாது, ஓரத் தந்தி ஃப்ரெட்டை விட்டு வழுக்கிவிடும், திருப்பி அனுப்பிவிட்டு ஆர்2 வாங்கு என்று இந்தியில் விளக்க ஆரம்பித்திருந்தான்.